பெரியத்தான் கொடுத்த ஸ்கோப்

உல்கானைக் குதிரையிலிருந்து இழுத்துக் கீழே போட்டது அவள் முதுகில் கிடந்த துப்பாக்கி.

மாமனார் காலத்துத் துப்பாக்கி அது. போருக்காகச் செய்தது. தோளில் குறுக்காக மாட்டினால் குழல் தலைக்கு மேலே ஒரு முழம் நீட்டிக்கொண்டு நிற்கும். அட்-பாஷி ஊருக்குத் தெற்கே மலைச்சரிவில் ஓநாய்த் தடம் பார்த்துவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவள், தாழ்ந்து கிடந்த ஊசியிலைக் கிளை ஒன்றின் அடியில் குனிந்து போனாள். அவள் குனிந்தாள், குழல் குனியவில்லை. கிளையில் போய்க் கொக்கி போல மாட்டிக்கொண்டது. குதிரை தன் வழியில் நடந்து போய்விட்டது. வாரில் தொங்கிய உல்கான் ஒரு சுற்றுச் சுற்றி, வார் நழுவி, வலது தோள் கல்லில் மோத விழுந்தாள்.

குதிரை மட்டும் வீடு வந்து சேர்ந்ததைப் பார்த்துப் பதறி ஓடிவந்த காதிர், அவள் புருஷன், கண்டது இதைத்தான்: மரத்தடியில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் ஏந்திக்கொண்டு, கிளையில் ஆடிக்கொண்டிருந்த துப்பாக்கியைத் திட்டிக்கொண்டிருந்தாள் உல்கான்.

"விழுந்துட்டியா?" என்றான் காதிர்.

"இல்ல, இறங்கி உக்காந்து காத்து வாங்குறேன். வந்து தூக்குங்க."

காறை எலும்பு முறிந்திருந்தது.

அந்த வீட்டில் சுடுகிறவள் அவள்தான். காதிர் வெல்டிங் பட்டறை வைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவன். வேலிக்கு அப்பால் நிற்பது குதிரையா மாடா என்று அவளைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வான். அவளோ பள்ளிக்கூட நாளில் பனிச்சறுக்கில் ஓடி ஓடி நின்று சுடுகிற பந்தயத்துக்கு மாவட்டத்தின் சார்பாகப் போனவள். குளிர்காலத்தில் எங்கள் பக்கத்துக் குதிரைகள் வெளியேதான் மேயும், குளம்பால் பனியைக் கிளறிப் புல் தின்னும். ஓநாய்களும் அங்கேதான் வரும். அந்த வருஷம் பனி விழுவதற்கு முன்னாலேயே வந்துவிட்டன. காதிரின் மந்தையில் ஏற்கனவே இரண்டு குட்டிகள் போய்விட்டன.

கைக்குக் கட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தவளைப் பார்க்க காதிரின் அண்ணன் போலோத்கான் வந்தார். பீரங்கிப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். தூரத்தைக் கணக்குப் போட்டுச் சொல்வதுதான் அங்கே அவர் வேலை. இப்போதும் யாராவது "அந்தப் பாறை" என்று கை காட்டினால், பாறையைப் பற்றிப் பேசாமல் அது எத்தனை மீட்டர் என்று சொல்வார். எங்கள் வழக்கத்தில் மருமகள் கணவனின் அண்ணன் பெயரை வாயால் சொல்லக்கூடாது, முகம் பார்த்து மறுத்துப் பேசவும் கூடாது. உல்கானுக்கு அவர் எப்போதும் பெரியத்தான்தான்.

"இனிமே அந்த ஈட்டியத் தூக்கிட்டுத் திரியாத" என்றார். "புதுசா வாங்கிருவோம்."

"அதத்தான் நானும் நெனச்சேன் பெரியத்தான். குட்டையா, லேசா இருந்தாப் போதும். குதிரை மேல முதுகுல கெடந்தாத் தெரியக்கூடாது. சின்னத் தோட்டா, ரொம்ப உதைக்காம. ஓநாய் என்ன அடுத்த மலையிலயா நிக்கப் போகுது, புதருக்குள்ளதானே வருது."

போலோத்கான் சிரித்தார். "குட்டை, லேசு, உதைக்காது. ஏம்மா உல்கான், நீ கேக்குறது துப்பாக்கியா, தலகாணியா?"

காதிரும் சிரித்தான். உல்கான் காதிரைப் பார்த்தாள். காதிர் சிரிப்பை நிறுத்தினான்.

"லேசு வேணும்னா என்கிட்ட இருக்கே, பஞ்சு மாதிரி" என்றார் போலோத்கான். "மலை ஆட்டுக்குன்னே வாங்குனது. மேக்னம் தோட்டா, மருந்து ஜாஸ்தி. இந்தக் கரையில இருந்து அந்தக் கரை உச்சி வரைக்கும் குண்டு நேர்கோடாப் போகும். எலும்பு கூடட்டும், ஒரு தடவை சுட்டுப் பாரு. அப்புறம் பேசு."

எலும்பு கூடியது. கூடியது என்று மருத்துவர் சொன்னார், தோள் அப்படிச் சொல்லவில்லை. முதல் பனி விழுந்த பிறகு ஒரு மதியம் போலோத்கான் தன் துப்பாக்கியோடு வந்து, அவர்கள் இருவரையும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனார்.

துப்பாக்கி உண்மையிலேயே லேசுதான். அதுதான் சிக்கல் என்று உல்கானுக்குக் கையில் வாங்கியதுமே புரிந்துவிட்டது. பெரிய தோட்டாவின் உதையைக் கனமான துப்பாக்கி பாதி தின்றுவிடும். பஞ்சு மாதிரி இருக்கிற துப்பாக்கி எதையும் தின்னாது, அப்படியே தோளில் இறக்கிவிடும். சொல்லிப் பார்த்தாள்.

"பெரியத்தான், இது கொஞ்சம் ஓங்கி உதைக்கும் போல..."

"இறுக்கிப் பிடிச்சா ஒண்ணும் ஆகாது."

அவள் படுத்தாள். தோளை வலியில்லாத ஒரு மூலையில் வைத்துக்கொள்ள இடம் தேடினாள். தோளைப் பின்னுக்கு இழுத்ததில் முகம் முன்னுக்குப் போனது. மேலே மாட்டியிருந்த தொலைநோக்கி, எல்லோரும் சொல்கிற ஸ்கோப், கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வந்துவிட்டது. மூச்சை விட்டு விசையை அழுத்தினாள்.

எதிர்க்கரையில் போலோத்கான் காட்டிய வெள்ளைக் கல் உடைந்து தெறித்தது. அதை அவள் பார்க்கவில்லை. ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தில் இறங்கி, பிறை மாதிரி வெட்டியிருந்தது. ரத்தம் கண்ணுக்குள் ஓடியது. தோளில் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது.

"அடிச்சுட்டா! பாத்தியாடா காதிர், அடிச்சுட்டா!" என்று கத்திக்கொண்டே திரும்பியவர் அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல பெரியத்தான்" என்றாள் உல்கான், பனியை அள்ளிப் புருவத்தில் அழுத்திக்கொண்டு. அப்புறம் பல்லைக் கடித்தபடி காதிருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "வீட்டுக்கு வாங்க, சொல்றேன்" என்றாள்.

அடுத்த வாரம் மூவரும் நரின் நகரத்துக்குப் போனார்கள். உல்கானின் புருவத்தில் பிளாஸ்திரி இருந்ததால் போலோத்கான் வழி முழுக்க வாயே திறக்கவில்லை. துப்பாக்கிக் கடைக்காரர் ஜர்லிக்தான் அவருக்கும் சேர்த்துப் பேசினார்.

"அக்காவுக்கு என்ன ஆச்சு? அண்ணன் அடிச்சிட்டாரா?"

"துப்பாக்கி அடிச்சிருச்சு. அதான் வேற வாங்க வந்திருக்கோம்" என்றாள் உல்கான்.

"அண்ணன் கைக்கு எது சரியா இருக்கும்னு பாப்போம்" என்று ஜர்லிக் காதிர் பக்கம் திரும்பினார்.

"சுடப் போறது நான்."

"அதானே. அண்ணே, அக்காவுக்குன்னா இதப் பாருங்க." நீளக் குழல் துப்பாக்கி ஒன்றை எடுத்துக் காதிர் கையில் கொடுத்தார். காதிர் அதை வாங்கி உல்கானிடம் நீட்டினான். உல்கான் அதை மேஜை மேல் வைத்தாள்.

"குட்டையா."

"அண்ணே, குட்டைக் குழல்னா சத்தம் ஜாஸ்தி, வேகம் கம்மி..."

"இங்க பாருங்க" என்றாள் உல்கான். "நான் இந்தப் பக்கம் நிக்குறேன். அங்க நிக்குறவருக்கு எதிர்ல என்ன இருக்குன்னே தெரியாது. என்கிட்டப் பேசுங்க."

ஜர்லிக் அதற்குப் பிறகும் காதிரைப் பார்த்துத்தான் பேசினார், ஆனால் அவள் கேட்டதை எடுத்தார். ஏழு துப்பாக்கி எடுத்தார். ஒன்று குட்டை, ஆனால் இரும்புப் பாளம் மாதிரிக் கனம். ஒன்று லேசு, ஆனால் அடிக்கட்டை அவள் கைக்கு நீளம், விசைக்கு விரல் எட்டவில்லை. ஒன்று எல்லாம் சரி, தோட்டா மட்டும் தலைநகர் பிஷ்கெக்கிலேயே கிடைக்காதாம். கடைசியில் மேலே தூசி படிந்த அலமாரியில் இருந்து, யாரும் கேட்பதில்லை என்று முணுமுணுத்தபடி தாழைக் கையால் இழுத்துச் சுடுகிற ஒரு சின்ன போல்ட் துப்பாக்கியை இறக்கினார். குட்டைக் குழல், மெல்லிய மரக்கட்டை, எங்கும் கிடைக்கிற சின்ன ராணுவத் தோட்டா. உல்கான் கண்ணை மூடிக்கொண்டு அதைத் தோளில் வைத்தாள், கன்னத்தைக் கட்டையில் சாய்த்தாள், கண்ணைத் திறந்தாள். குழல் நுனியில் இருக்கிற குறிமுள் நேராக எதிரே நின்றது.

"இதுதான்."

போலோத்கான் தொண்டையைச் செருமினார். அவள் பிளாஸ்திரியைத் தொட்டுக்கொண்டாள். அவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அதற்கு மேலே மாட்ட அவள் கேட்டது ஒரு சின்ன ஸ்கோப். நாலு மடங்கு மட்டும் பெரிதாக்கிக் காட்டுகிற, திருகு வேலை எதுவும் இல்லாத, கையளவு குழாய். அது ஜர்லிக்கிடம் இருந்தது. அதைத் துப்பாக்கியோடு பிணைக்கிற தாழ்வான வளையங்கள் இல்லை.

"அடுத்த வாரம் வந்துரும் அண்ணே" என்றார் காதிரிடம்.

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் போலோத்கான் வந்தார்.

பிஷ்கெக் போய்விட்டு வந்திருந்தார். கையில் ஒரு பெட்டி. அன்றைக்குப் பார்த்து காதிரின் அத்தைமார் இரண்டு பேர் வந்திருந்தார்கள். விரிப்பில் ரொட்டியும் வெண்ணெயும் போர்சோக் என்கிற பொரித்த மாவுத் துண்டுகளும் பரப்பியிருந்தது. எல்லோர் முன்னாலும் பெட்டியைத் திறந்தார். உள்ளே நுரைப்பஞ்சில் கிடந்தது ஒரு ஸ்கோப். முன்கண்ணாடி தேநீர்க் கோப்பை அகலம். திருகினால் இருபத்தைந்து மடங்கு வரை பெரிதாக்கும். எடை கிட்டத்தட்ட ஒரு கிலோ.

"உன் புருவம் என்னால வெட்டுப்பட்டுச்சு" என்றார் போலோத்கான். "எனக்கு ராத்திரி தூக்கமே வரலம்மா. இது கண்ணுலருந்து தள்ளியே நிக்கும், வெட்டாது. உனக்குத்தான்."

அத்தைமார் உள்ளங்கைகளால் தங்கள் முகத்தை வருடி ஆசீர்வாதம் சொன்னார்கள். இப்படி ஒரு மூத்தவர் யாருக்கு வாய்க்கும் என்றார்கள். உல்கான் காதிரைப் பார்த்தாள். காதிர் கெண்டியைப் பார்த்தான்.

"நன்றி பெரியத்தான்" என்றாள்.

அவரே உட்கார்ந்து மாட்டினார். அகலக் கண்ணாடி குழலில் இடிக்காமல் இருக்க உயரமான வளையங்கள் வேண்டும். அதையும் வாங்கி வந்திருந்தார். மாட்டி முடித்ததும் அந்தச் சின்னத் துப்பாக்கி, தலையில் பானை சுமக்கிற குழந்தை மாதிரி ஆகிவிட்டது.

கட்டையில் கன்னம் வைத்தால் ஸ்கோப் தெரியவில்லை, ஸ்கோப்பில் கண் வைத்தால் கன்னம் அந்தரத்தில் நின்றது. முதுகில் மாட்டினால் மேல்கனம் தாங்காமல் துப்பாக்கி தலைகீழாகப் புரண்டு, குதிரை ஓடும்போது அவள் விலாவில் குத்தியது. சேணத்துத் தோல் உறைக்குள் போகவே இல்லை. நின்று குறி பார்த்தால் இருபது எண்ணுவதற்குள் கூடிய எலும்பு முனகியது. ஆனால் ஒரு பாறை மேல் வைத்துச் சுட்டபோது குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழுந்தன. போலோத்கான் ஊரெல்லாம் சொன்னார்.

"உங்க அண்ணன்கிட்டச் சொல்லுங்க" என்றாள் உல்கான்.

"என்னன்னு சொல்ல?"

"எனக்கு இது ஆகலன்னு சொல்லுங்க. நான் கேட்டது குட்டையா, லேசா. இப்பப் பழைய ஈட்டியவிட இது கனம்."

"ஆசையா வாங்கிட்டு வந்திருக்காரு உல்கான்..."

"ஓநாயும் ஆசையாத்தான் வருது."

"சொல்றேன், சொல்றேன். நேரம் பாத்துச் சொல்றேன்."

காதிர் நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். அண்ணன் வருவார், தேநீர் குடிப்பார், ஸ்கோப்பைக் கழற்றாமலேயே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் எதிர்மலையை அளப்பார், போவார். காதிர் கடைசி வரை வானிலை பற்றியே பேசுவான். அவர் போனதும் உல்கான் பாத்திரங்களைக் கழுவுகிற சத்தம் பட்டறை வரைக்கும் கேட்கும்.

ஒரு நாள் மாலை அவர் வந்தபோது எதிர்ச்சரிவில் காட்டுச் செம்மறிக் கடாக்கள் இறங்கியிருந்தன. போலோத்கானுக்குக் குதூகலம். துப்பாக்கியில் தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, மதில் மேல் சாய்த்து, ஸ்கோப்பை முழுசாகத் திருகி, கடாவின் கொம்பில் இருக்கிற வளையங்களை எல்லாம் காதிருக்கு வர்ணித்துவிட்டு, திருகைத் திரும்பக் குறைக்காமலே துப்பாக்கியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக நாய் குரைத்தது. வழக்கமான குரைப்பு இல்லை, கழுத்தை நெரித்த மாதிரி ஒரு சத்தம். உல்கான் காலணியை மாட்டித் துப்பாக்கியை எடுத்துத் தோட்டாவைப் போட்டுக்கொண்டு வெளியே ஓடினாள். பனி தூவிக்கொண்டிருந்தது. கொட்டகைக்குப் பின்னால் புதர் ஓரத்தில் பெட்டைக்குதிரைகள் வட்டமாக நெருங்கி நின்று மூக்கால் சீறின. வட்டத்துக்கு வெளியே அவர்களுடைய மஞ்சள் குட்டி பனியில் மண்டியிட்டிருந்தது. அதன் தொடையில் ஒரு ஓநாய் தொங்கியது. இன்னொன்று, பெரியது, பக்கவாட்டில் நின்று உல்கானைப் பார்த்தது. கல் விட்டெறிந்தால் படுகிற தூரம்தான்.

அவள் துப்பாக்கியைத் தூக்கினாள். ஸ்கோப்புக்குள் சாம்பல் நிறம் மட்டும் இருந்தது. ஓநாய் இல்லை, குதிரை இல்லை, புதர் இல்லை, வெறும் மங்கல். இடது பக்கம் நகர்த்தினாள், சாம்பல். வலது பக்கம் நகர்த்தினாள், எதுவோ மயிர் மாதிரி. குதிரை மயிரா ஓநாய் மயிரா தெரியவில்லை. கன்னத்துக்குப் பிடிமானம் இல்லாததால் தலை ஆட, அந்த மயிரும் போய்விட்டது. திருகில் கை வைத்தாள். குளிரில் இறுகியிருந்தது. ஸ்கோப்புக்கு அடியில் பார்க்கலாம் என்று தலையைத் தாழ்த்தினாள். இரும்புக் குறிமுள்ளை அந்தப் பெரிய கண்ணாடி மறைத்துக்கொண்டிருந்தது. கடைசியில் குத்துமதிப்பாக வானத்தைப் பார்த்து ஒரு குண்டு விட்டாள். ஓநாய்கள் அவசரப்படாமல் புதருக்குள் போயின.

குட்டி எழுந்திருக்கவில்லை. காதிர் சட்டையைப் பாதி போட்டபடி ஓடிவந்தபோது உல்கான் அதன் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். பின்பக்கத்தில் பிழைக்க வைக்க எதுவும் மிச்சமில்லை.

"கத்தியக் குடுங்க" என்றாள். அவன் கொடுத்தான். காரியம் முடிந்த பிறகு இருவரும் பனியில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் பேசியிருக்கணும்" என்றான் காதிர்.

"பேசாதீங்க" என்றாள் உல்கான். "இப்ப நீங்க எதுவுமே பேசாதீங்க."

விஷயம் கேள்விப்பட்டு போலோத்கான் மத்தியானம் வந்தார். வாசலிலேயே, "எத்தனை மீட்டர்?" என்று கேட்டார்.

உல்கான் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொள்ளவில்லை, பார்வையைத் தாழ்த்தவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் செய்யாத ஒன்றைச் செய்தாள், அவர் கண்ணைப் பார்த்தாள்.

"மீட்டர் எதுக்குப் பெரியத்தான்? துப்பினா எச்சில் படும், அவ்வளவு தூரம். அங்க நின்னுச்சு. நான் பாத்தேன், எனக்குத் தெரியல. ஏன் தெரியல? நேத்து யாரு இதுல ஆட்டுக் கொம்பு எண்ணுனது? நான் கேட்டது என்ன? ஒரு சின்னது கேட்டேன். கடையில சொன்னேன், வீட்டுல சொன்னேன், இவருகிட்ட தெனமும் சொன்னேன். எல்லாரும் எனக்கு என்ன வேணும்னு எனக்கே சொல்லித் தர்றீங்க. என் தோளு உங்க யாருக்கு இருக்கு? அந்தப் புதருக்குள்ள போறது யாரு?"

"உல்கான்!" என்றான் காதிர்.

"ஒங்களத்தான் பேச வேணாம்னேன்ல!"

போலோத்கான் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. பட்டறைக்குப் போய்த் திருகாணிச் சாவியை எடுத்து வந்தார், நின்றபடியே ஸ்கோப்பைக் கழற்றினார், வளையங்களோடு சேர்த்துக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டார். துப்பாக்கியை மெதுவாக ஆணியில் மாட்டினார். போய்விட்டார்.

அத்தைமாருக்கு அன்று மாலையே செய்தி போயிற்று. உல்கான் ரோட்டில் நடந்தால் பெண்கள் நின்று பார்த்தார்கள்.

சரி, ஸ்கோப்தான் போய்விட்டதே, இனி சின்னதை மாட்ட வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். உல்கானும் அப்படித்தான் நினைத்தாள். இரும்புக் குறிமுள்ளோடு நன்றாகவே சுட்டாள், ஆனால் ஓநாய் வருவது இருட்டு பிரிகிற நேரத்தில். கறுப்பு முள் கறுப்புப் புதரில் கரைந்துவிடும். நரினுக்குப் போய் அந்தச் சின்ன ஸ்கோப்பை வாங்கி வந்தாள். வளையங்களுக்கு ஜர்லிக் சொல்லிவிட, மினிபஸ் டிரைவர் ஒருவன் பிஷ்கெக்கிலிருந்து ஒரு ஜோடி கொண்டுவந்தான். அவை பெரிய விட்டம், ஸ்கோப் உள்ளே கிலுகிலுப்பை மாதிரி ஆடியது. திருப்பி அனுப்பினாள். அடுத்த ஜோடி குழாயைச் சரியாகக் கவ்வியது, ஆனால் அடிப்பக்கம் வேறு துப்பாக்கிக்கு உள்ளது.

"அண்ணன்கிட்டச் சொன்னேனே, மாடல் நம்பர் வேணும்னு" என்றார் ஜர்லிக் ஃபோனில்.

"எந்த அண்ணன்கிட்ட? நம்பர் சொன்னது நான். உங்க காதுலதான் சொன்னேன்."

மூன்றாவது ஜோடி மாட்டியது. முதல் குண்டு குறிக்கு வைத்த அட்டையின் நடுவில். இரண்டாவது ஒரு கை தள்ளி இடப்பக்கம். ஸ்கோப்பைத் திருத்தினாள். மூன்றாவது மேலே. திருத்தினாள். நான்காவது அட்டையிலேயே இல்லை. மூச்சைக் குறை சொன்னாள், தோளைக் குறை சொன்னாள், காற்றைக் குறை சொன்னாள். தோட்டா தீர்கிற வரை சுட்டுவிட்டு, துப்பாக்கியைக் காதிரின் பட்டறை மேஜையில் போட்டாள்.

"எனக்குச் சுடத் தெரியாமப் போச்சு. போதுமா? இத வித்துருங்க."

காதிருக்குத் தூரத்தில் இருப்பதுதான் தெரியாது, கைக்கெட்டும் இடத்தில் மயிரிழை கூடத் தெரியும். பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வளையத்தைக் கழற்றினான், அது உட்கார்கிற அடிப்பட்டையைக் கழற்றினான். முன்பக்கத் திருகாணியை எடுத்து நகத்தின் மேல் வைத்துப் பார்த்தான்.

"இங்க வா."

"வர மாட்டேன்."

"வாயேன். இந்தத் திருகாணி நீளம். துளையோட அடியில போய் முட்டி நின்னுக்குது. நமக்கு இறுகிருச்சுன்னு தோணும். பட்டையக் கவ்வல. ஒவ்வொரு குண்டுக்கும் எல்லாம் சேர்ந்து நகருது."

அவள் வந்து பார்த்தாள். "எனக்கு ஒண்ணுமில்லையா?"

"உனக்கு என்ன? உனக்கு வாய்ச்ச திருகாணி எல்லாம் இப்படி" என்றான் காதிர், அரத்தை எடுத்துக்கொண்டே.

அவளுக்கு அப்போதும் சிரிப்பு வரவில்லை. ஆனால் அவன் அரத்தால் ராவி முடிக்கிற வரை பக்கத்திலேயே நின்றாள். அன்று மாலை ஐந்து குண்டும் ஓர் உள்ளங்கைக்குள் விழுந்தன.

ஓநாய் கிடைத்தது அதற்குப் பிறகும் உடனே இல்லை. புதரை ஒட்டித் தினமும் விடியலில் போனாள். தடம் இருக்கும், ஓநாய் இருக்காது. ஒருநாள் தூரத்தில் மூன்று பார்த்தாள், சுடவில்லை. அந்தத் தூரம் அவள் துப்பாக்கிக்கு ஆகாது. போலோத்கான் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்து அதற்கும் ஒரு எரிச்சல் பட்டாள்.

பனி இளக ஆரம்பித்த ஒரு காலை, நீரோடைப் பள்ளத்தில் இறங்கும்போது குதிரை காதை நிமிர்த்தியது. எதிர்ப் புதரிலிருந்து பெரிய ஓநாய் சாவகாசமாக வெளியே வந்து, பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே நின்றது. உல்கான் சேணத்திலிருந்து இறங்கியபோது துப்பாக்கி ஏற்கனவே கைக்கு வந்திருந்தது. எதிலும் மாட்டவில்லை, எதிலும் இடிக்கவில்லை. முழங்காலை ஊன்றினாள். கன்னம் கட்டையில் படிந்தது. கண்ணாடிக்குள் ஓநாய் முழுசாகத் தெரிந்தது, அதைச் சுற்றிப் புதரும், புதருக்குப் பின்னால் பனியும். ஓநாய் நகர்ந்தது, அவளும் கூடவே நகர்ந்தாள். சுட்டாள். தோளில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

ஓநாய் இரண்டு எட்டு ஓடி விழுந்தது.

அவள் பக்கத்தில் போய் வெகுநேரம் நின்றாள். வயதான ஆண். மேல் பற்கள் தேய்ந்திருந்தன. மஞ்சள் குட்டியைத் தின்றது இதுதானா என்று தெரியாது. சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது களைப்புத்தான். குளிர்காலம் முழுக்க வாதாடி வாதாடி வந்த களைப்பு.

தோல் முற்றத்தில் விரித்துக் கட்டியிருந்ததைப் பார்க்க ஊர் வந்தது. காதிர் ஆடு அறுத்தான். எல்லோரும் வந்தார்கள், போலோத்கான் வரவில்லை. காதிர் இரண்டு முறை போய்க் கூப்பிட்டும் வரவில்லை. மூன்றாவது முறை உல்கானே போனாள். அவர் வீட்டு வாசலில் நின்று, "பெரியத்தான், இறைச்சி ஆறுது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். கொஞ்சம் தூரம் வந்ததும் பின்னால் கதவு சாத்துகிற சத்தமும், பனியில் காலடிச் சத்தமும் கேட்டன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வந்தவர் தோலைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குண்டு போன துளையில் விரல் வைத்தார். ஆணியில் தொங்கிய துப்பாக்கியை எடுத்து, ஒரு கையால் தூக்கி, மறு கைக்கு மாற்றி, தோளில் வைத்து, கன்னத்தைச் சாய்த்துப் பார்த்தார். திருப்பி மாட்டினார். பிறகு விரிப்பில் தனக்குரிய மேல் இடத்தில் உட்கார்ந்து, மூத்தவருக்கு உரிய இடுப்பு எலும்புக் கறியை வாங்கிச் சாப்பிட்டு முடித்தார். வீடு முழுக்க அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பெரிய ஸ்கோப் இருந்திருந்தா" என்றார் விரலைத் துடைத்துக்கொண்டே, "முன்னாடி தூரத்துல மூணு பாத்தியாமே, காதிர் சொன்னான். அதுல ரெண்டு விழுந்திருக்கும்."

காதிர் கண்ணை மூடிக்கொண்டான். அத்தைமார் உல்கானைப் பார்த்தார்கள்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்குக் கோப்பையின் அடியில் கொஞ்சமாகத்தான் தேநீர் ஊற்றுவோம், திரும்பத் திரும்ப ஊற்றுவோம். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று பொருள். உல்கான் அவர் கோப்பையை எடுத்தாள். கெண்டியைச் சாய்த்தாள். ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள், விளிம்பு தொட்டு வழியப் போகிற வரை. சிந்தாமல் இரண்டு கையாலும் அவர் முன்னால் நீட்டினாள்.

போலோத்கான் கோப்பையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் புருவத்தில் அந்தப் பிறைத் தழும்பு வெளுத்துத் தெரிந்தது. கோப்பையை வாங்கி, சூட்டோடு சூடாக, ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் காலிக் கோப்பையை நீட்டினார்.

"இன்னொண்ணு ஊத்தும்மா" என்றார்.